செமிகோலன் பேசிய தமிழ்

தனியாகத்தான் வருவேன் என்று போன வாரம் முழுக்கச் சிகாமட் வீட்டில் சண்டை போட்டவள் வாசுகி. வியாழக்கிழமை காலை, ஜொகூர் பாருவின் லார்கின் நிலையத்தில் பஸ் கதவு திறந்தது. முதலில் இறங்கியது அவளுடைய வெள்ளைக் கோல். அடுத்து அவள். அதற்கடுத்து, ஒரு கையில் குடையும் மறு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமுமாக அவள் அப்பா கமலநாதன்.

"என்னையக் கண்டுக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் அவர். "சும்மா ஜேபியச் சுத்திப் பார்க்கலாம்னு வந்தேன்."

"முப்பது வருசம் லாரியில வந்து போன ஊரு. இன்னைக்குத்தான் சுத்திப் பார்க்கப் போறாராம்," என்றாள் வாசுகி. "நம்புங்க தம்பி."

அழைத்துப் போக வந்திருந்த ரூபேந்திரன் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்தான்.

அவன் மனைவி லோஷினி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. டெங்கிக் காய்ச்சல். ஆறே நாள். அன்றிலிருந்து எல்லாமே ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல்தான் அவனுக்கு இருக்கிறது. பேச்சு கேட்கிறது, முகம் தெரிகிறது. மழை பெய்தால் கூட அந்தப் பக்கம்தான் பெய்கிறது. லோஷினியின் அக்கா என்பதால் வாசுகியை அவனும் அக்கா என்றே அழைப்பான். அந்தச் சொல் மட்டும் சில சமயம் தொண்டையில் லேசாக உரசும். அவ்வளவுதான்.

காரில் ஏறியதும் கமலநாதன் பின்சீட்டிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

"பேசினத மறந்துடாதம்மா. இன்னைக்குச் சரியா வந்தா, நீ இங்கயே வேலை பாரு. நான் குறுக்க நிக்க மாட்டேன். வரலன்னா, ஆறரை பஸ்ல ரெண்டு பேரும் திரும்பிடலாம். அப்புறம் ஜேபி பேச்சே எடுக்கக்கூடாது."

"எடுக்க மாட்டேன் பா."

"முப்பத்தாறு வயசுல பொம்பளப் பிள்ள, கண்ணு தெரியாம, ரூம் எடுத்துத் தங்கி..."

"ரூமுக்குக் கண்ணு எதுக்குப்பா? சாவி போதும்."

ரூபேந்திரன் வண்டியைக் கிளப்பினான்.

விஷயம் இதுதான். அவன் வேலை பார்க்கும் அலுவலகம் வலைத்தளங்கள் செய்து கொடுப்பது. ஜெயபாலன் என்பவருடைய சின்னக் கம்பெனி, ஆறு பேர். தமிழ் மாணவர்களுக்குப் படிப்புதவி வழங்கும் சங்கம் ஒன்று தன் பழைய வலைத்தளத்தைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தது. உதவி தருகிறவர்கள் இந்த வருடம் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: உடற்குறை உள்ளவர்கள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும். கண் தெரியாத ஒருவர், யார் துணையும் இல்லாமல், விண்ணப்பத்தை நிரப்பிக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

வாசுகியின் பெயரைச் சொன்னது ரூபேந்திரன்தான். "நல்லா செஞ்சா நிரந்தரமாவே வெச்சுக்கலாம் லா," என்று ஜெயபாலன் சொல்லிவிட்டார். "நாம செய்யற எல்லா சைட்டையும் டெஸ்ட் பண்ண ஆள் வேணும். திங்கக்கிழமையே வரட்டும்."

அந்தப் பழைய தளத்தைப் பதினோரு வருடத்துக்கு முன், கல்லூரியில் படிக்கும்போது, சம்பளமில்லாமல் செய்து கொடுத்தவள் லோஷினி.

மழை பிடித்துக்கொண்டது. தெப்ராவ் சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. கண்ணாடியில் நீர் வழிய, எதிரே சிவப்பு விளக்குகள் பழம் போலக் கனிந்து கரைந்து, மறுபடியும் கனிந்தன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம், கே, செமிகோலன், கே, எச்," என்றாள் வாசுகி, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

"என்னக்கா?"

"அம்மா."

அவனுக்குப் புரிந்தது. லோஷினி அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தது பழைய எழுத்துருவில். திரையில் பார்த்தால் தமிழ். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. 'எம்' விசையை அழுத்தினால் திரையில் 'அ' என்று வரும். 'கே' என்றால் 'ம'. மேலே புள்ளி வேண்டுமென்றால் செமிகோலன். கண்ணுள்ளவர்களுக்கு ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குக் கண் இல்லை. அது உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். எம், கே, செமிகோலன்.

"அவ ராத்திரி டைப் பண்ணும்போது நான் பக்கத்துல படுத்திருப்பேன்," என்றாள் வாசுகி. "ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லி அடிப்பா. நானும் அதே கீபோர்டுல பழகிட்டேன். அப்புறம் அந்தப் பேஜ துரை படிக்கும்போது எனக்குத் தமிழாவே கேக்க ஆரம்பிச்சிருச்சு."

மென்பொருளின் ஆங்கிலக் குரலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் துரை. தமிழ்க் குரலுக்கு, தோட்டத்து எழுத்தரை நினைத்து, கிராணியம்மா.

"கனவு கூட வரும் தம்பி. கனவுல முகம் கிகம் ஒண்ணும் கிடையாது. செமிகோலன் செமிகோலனா மழை பெய்யும். நான் நனைஞ்சுக்கிட்டு நிப்பேன்."

கமலநாதன் பின்னால் பெருமூச்சு விட்டார். "ரெண்டும் சேர்ந்தா பைத்தியமா இருக்கும் வீடு," என்றார் மெதுவாக.

அலுவலகம் கடைவீட்டு மாடியில். கீழே சாப்பாட்டுக் கடை. மதியம் அங்கேயே ஆளுக்கொரு ரொட்டி, ஒரு தே தாரிக் டீ. வாசுகி சரியாகச் சாப்பிடவில்லை. அவள் விரல்கள் மேசை விளிம்பில் ஏதோ அடித்துக்கொண்டே இருந்தன.

ரூபேந்திரனுக்குக் கவலை இல்லை. வேலை முடிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை, பழைய எழுத்துருவைப் புதிய தமிழ் எழுத்தாக மாற்றும் கருவியைத் தளம் முழுவதுக்கும் ஒரே தடவையில் ஓட்டினான். நாற்பது பக்கம், இரண்டு நிமிடம். பிறகு சோதனைக் கருவியை ஓட்டினான். படங்களுக்கெல்லாம் விளக்கக் குறிப்பு இருக்கிறதா, இருக்கிறது. பெட்டிகளுக்குப் பெயர் இருக்கிறதா, இருக்கிறது. நூற்றுக்கு நூறு.

ஒரு பக்கத்தையாவது திறந்து படித்திருக்கலாம். வழக்கமாகப் படிப்பான். ஜெயபாலன் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதே அதைத்தான். இந்த முறை படிக்கவில்லை. திறந்தால் லோஷினியின் வாக்கியங்கள் இருக்கும். 'அன்பு மாணவர்களே' என்று எழுதியிருப்பாள். அவளுக்கு ஆச்சரியக்குறி அதிகம்.

மூன்று மணிக்கு மஜீதா வந்தார். சங்கத்தின் செயலாளர். ஐம்பது வயதிருக்கும். நனைந்த முக்காட்டை உதறிக்கொண்டே வாசுகியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாசுகியா? நான் மஜீதா. லோஷினி எனக்கு மக மாதிரி. நீ தைரியமா செய். நாளைக்கு மூணு மணிக்கு உதவி குடுக்கறவங்க எல்லாம் மண்டபத்துக்கு வர்றாங்க. உன் கையெழுத்தக் காட்டினாப் போதும், இந்த வருசப் பிள்ளைங்க பாடு முடிஞ்சுது."

ஒலிபெருக்கி வேண்டாம், காதில் மாட்டிக்கொள்கிறேன் என்றாள் வாசுகி. "கிராணியம்மா எல்லார் முன்னாடியும் கத்தினா எனக்கு ஓடாது."

அறையில் ஐந்து பேர். சுவரில் பெரிய திரை. வாசுகி விசைப்பலகையில் கை வைத்தாள். கணினி எலியைத் தொடவே இல்லை. அதை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

பெயர் நிரம்பியது. வயது. அடையாள அட்டை எண். திரையில் எழுத்துகள் தாமாக முளைப்பதுபோல் இருந்தது. தூக்கத்தில் நடப்பவரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் சத்தமில்லாமல் பார்த்தார்கள். கமலநாதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் உதடு அசைந்தது. வீட்டில் கடிதம் வந்தாலும், மருந்துச் சீட்டு வந்தாலும், அவர்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவார். இப்போதும் வாய்வரை வந்துவிட்டது. ரூபேந்திரன் அவர் தோளில் கை வைத்தான்.

ஐந்தாவது கேள்வி, எந்த ஊர் என்பது. அங்கே லோஷினி ஒரு படம் வைத்திருந்தாள். ஜொகூர் வரைபடம். சிகாமட், பெக்கோக், குளுவாங், ஜொகூர் பாரு என்று ஊர்களுக்கு மேல் சின்னப் பூக்கள். தன் ஊர்ப் பூவை அழுத்தினால் போதும்.

வாசுகியின் கை நின்றது.

ஒரு விசையை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பின்னுக்குப் போனாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டால் கேட்போமே, அப்படி.

"என்னம்மா?" என்றார் கமலநாதன்.

"அங்கிள், பேசக்கூடாது," என்றார் ஜெயபாலன்.

அவளுடைய இடது கை மேசை விளிம்புக்குப் போயிற்று. விரல்கள் மெல்ல, ஒவ்வொன்றாக, வெறும் மரத்தில் தட்டின. பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்தான் ரூபேந்திரன். ஏழு தட்டு. பிறகு அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது. அவள் ஒரு விசையை அழுத்தினாள். திரையில் சிகாமட்டின் மேல் இருந்த பூ சிவந்தது.

பள்ளி. வகுப்பு. அனுப்பு.

'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது!' என்றது திரை.

மஜீதா கை தட்டினார். ஜெயபாலனும் தட்டினார். "ஒம்பது நிமிசம் லா! என் தம்பிக்கே இருபது நிமிசம் ஆச்சு!" கமலநாதன் தட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து ஜன்னலோரம் போய் நின்று, வெளியே மழையைப் பார்த்தார். வீட்டில் இனி ஒரு தட்டுக்குத்தான் சோறு என்று அந்த முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஜெயபாலன் தாளை நகர்த்தினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு அட்டையை வைத்து, வாசுகியின் விரலை அதில் கொண்டுபோய் வைத்தான் ரூபேந்திரன். பேனாவைக் கொடுத்தான்.

"என்ன எழுதியிருக்கு தம்பி? படிங்க."

"ரெண்டே வரிதான். 'இத்தளத்தை நான் யார் உதவியுமின்றிப் பயன்படுத்தினேன். பார்வையற்ற எவரும் இதைப் பயன்படுத்தலாம்.'"

வாசுகி பேனாவைத் திருகினாள். மூடினாள். திறந்தாள்.

"முதல் வரி நிஜம்," என்றாள். "ரெண்டாவது வரி பொய்."

"என்னது?" என்றார் ஜெயபாலன்.

அவள் தடவிப் பார்த்து, காதில் இருந்த கருவியின் வயரைக் கணினியிலிருந்து பிடுங்கினாள். அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து, வரைபடத்துக்குப் போய், ஒரு விசையை அழுத்தினாள். தமிழ்க் குரல் அறை முழுவதும் கணீரென்று ஒலித்தது.

"பொத்தான். ளுநபயஅயவ."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அடுத்த விசை.

"பொத்தான். டீநமழம."

அடுத்தது.

"பொத்தான். துழாழச..."

"அலமாக்," என்றார் மஜீதா. "இது என்ன பாஷை?"

"முதல்ல சொன்னது சிகாமட்," என்றாள் வாசுகி. "அடுத்தது பெக்கோக். இது ஜொகூர். உங்களுக்குத் திரையில படம் அழகாத் தெரியுது. எனக்கு இப்படித்தான் கேட்டுச்சு. எந்த எழுத்துக்கு எந்த கீ-ன்னு எனக்குத் தெரியும். ளு-ன்னா பெரிய எஸ். ந-ன்னா இ. திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிச்சேன். வேற யாராலயும் முடியாது. நான் பாஸ். பேஜ் ஃபெயில்."

ரூபேந்திரனுக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கு எழுத்துரு உண்டு. இது தமிழ், இது ஆங்கிலம் என்று மாற்றுக் கருவி பிரித்துக்கொள்ளும். படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் குறிப்புக்கு எழுத்துரு கிடையாது. லோஷினி ஊர்ப்பெயர்களை அங்கே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அக்காவுக்காக. அவன் ஓட்டிய கருவி, நல்ல ஆங்கிலத்தையும் பழைய எழுத்து என்று நினைத்துத் தமிழாக்கிவிட்டது. ஏதோ ஒரு குறிப்பு இருந்தால் போதும் என்று சோதனைக் கருவி நூறு மதிப்பெண் கொடுத்துவிட்டது.

ஜெயபாலன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தணித்தார்.

"வாசுகி, இது சின்னப் பிழை லா. நீங்க கையெழுத்துப் போடுங்க. நாங்க உக்காந்து சரி பண்ணிடறோம்."

"சரி பண்ணுங்க. அப்புறம் போடறேன்."

"நாளைக்கு மூணு மணிக்கு விழா!"

"அப்ப மூணு மணிக்குள்ள சரி பண்ணுங்க சார்."

"இங்க பாருங்க, பாஸ் ஆனா திங்கக்கிழமை வேலைன்னு சொன்னேன். வாடிக்கைக்காரங்க முன்னாடி என் பேர இழுத்து விட்டா நான் என்ன சொல்றது?"

வாசுகியின் முகம் வெளிறியது. ஆனால் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"மஜீதாக்கா, ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "பதினோரு வருசமா இந்த சைட் இருக்கு. கண்ணு தெரியாத பிள்ளைங்க எத்தனை பேரு விண்ணப்பம் போட்டாங்க?"

மஜீதா யோசித்தார். "ஒருத்தரும் போட்டதில்ல. நம்ம பிள்ளைங்கள்ல அப்படி யாரும் இல்லன்னுதான் நெனச்சேன்."

"நான் படிச்ச ஸ்கூல்லயே எட்டு பேரு."

மழை ஓய்ந்துவிட்டது. கீழே கடையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள்.

"தப்பு என்னோடது," என்றான் ரூபேந்திரன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் தானாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

"நான் ஒரு பக்கத்தக் கூடத் திறந்து பார்க்கல."

"நீயா? ஏன்?" என்றார் ஜெயபாலன்.

"அவ எழுதினது சார்."

அவ்வளவுதான் சொன்னான். ஜெயபாலன் கையெழுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். லோஷினியின் இறுதிச் சடங்குக்கு வந்து, கடைசி வரை நின்றவர் அவர்.

ஜன்னலோரம் நின்ற கமலநாதன் இருமினார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது," என்றார். "லாரி தெரியும். செம்பனைக் குலை லோடு ஏத்திக்கிட்டு லாபிஸ் மேட்டுல இறங்கணும். கிளம்பும்போது ஒரு பய வந்து பிரேக் சரியில்லைன்னு சொல்லுவான். லேட் ஆகும். முதலாளி கத்துவாரு. எனக்கே கோவம் வரும். ஆனா அந்தப் பயல யாரும் வேலையவிட்டுத் தூக்கினதில்ல சார். அவன் இருக்கானான்னு பார்த்துட்டுத்தான் நாங்க வண்டியவே எடுப்போம்."

மஜீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ஜெயபாலன், இந்தப் பொண்ணு கையெழுத்து இருந்தாத்தான் நான் நாளைக்கு மேடையில ஏறுவேன். நாளைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் வருவேன். அதுக்குள்ள முடிங்க."

ஜெயபாலன் தலையைச் சொறிந்தார். "அப்ப பன்னிரண்டு மணிக்குப் பேசிக்கலாம்," என்றார். யாருக்குச் சொன்னார், எதைப் பற்றிச் சொன்னார் என்பது தெளிவாக இல்லை. வேலையைப் பற்றியாகவும் இருக்கலாம்.

நாலரைக்கு ஆரம்பித்தார்கள். ரூபேந்திரன் லோஷினி வைத்துவிட்டுப் போன பழைய பிரதியை எடுத்தான். மறைந்திருக்கும் குறிப்புகள் மொத்தம் எழுபத்தொன்று. எது பழைய எழுத்தில் அடித்த தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று எந்தக் கருவிக்கும் பிரிக்கத் தெரியாது. வாசுகிக்குத் தெரியும். துரை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். அவள் கேட்டுச் சொல்வாள். தமிழ் என்றால் அவன் ஒன்றை அழுத்த வேண்டும், மாறிக்கொள்ளும். ஆங்கிலம் என்றால் இரண்டு, அப்படியே நிற்கும்.

"தமிழ்."

ஒன்று.

"தமிழ். சாரணர் படம்."

ஒன்று.

"இங்கிலீஷ். பத்து பகாட், ஊர்ப் பேரு."

இரண்டு.

துரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ரூபேந்திரனுக்கு அவை வெறும் எழுத்து. வாசுகியின் முகத்தில் மட்டும் ஏதேதோ வந்து போயிற்று. ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். "தலைமையாசிரியர் தொப்பைன்னு எழுதியிருக்கா. இத மாத்தினா கிராணியம்மா சத்தமா படிச்சுடுவா. 'தலைமையாசிரியர்'னு மட்டும் போடுங்க." இன்னொரு தடவை, "சிவப்பு எப்படி இருக்கும்னு எழுதியிருக்கா. எனக்கு நிறம் மறந்துபோகும்னு தெரியும் அவளுக்கு," என்றாள்.

மாலை வெயில் ஈரச் சுவரில் விழுந்து அறைக்குள் மிதந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சொட்டின. பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஒரு கணம் அவனுக்கு அது வீட்டுச் சத்தமாகவே இருந்தது. அவள் அடித்துக்கொண்டிருக்கிறாள், அவன் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறான், எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அவசரம் ஏதும் இல்லை.

ஆறு மணிக்குக் கமலநாதன் குடையை எடுத்தார்.

"நான் கிளம்பறேன்."

"பன்னிரண்டு மணி வரைக்கும் எதுவும் முடிவாகல பா," என்றாள் வாசுகி. "நீங்க சொன்ன மாதிரி நானும் வரணுமே."

"எனக்கு ஒரு டிக்கெட்டுதான் எடுத்திருக்கேன்."

"எப்ப எடுத்தீங்க?"

"நீ பேனாவக் கீழ வெச்ச பிறகு. அந்த மஜீதாம்மா வீட்டுல தங்கிக்க. பேசிட்டேன். அவங்க வீட்டுப் படி மூணு. ரெண்டாவது கொஞ்சம் உயரம்."

"நீங்க பார்த்தீங்களா?"

"போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ஜேபியச் சுத்திப் பார்க்க வந்தேன்னு சொன்னேன்ல?"

அவர் அவள் தலையில் கை வைத்தார். ரூபேந்திரனைப் பார்த்து, "வரேன் மாப்பிள்ளை," என்றார். படியிறங்கும் ஓசை கேட்டது. வாசுகி அது முழுவதுமாக அடங்கும்வரை கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விசைப்பலகைக்குத் திரும்பினாள்.

"எத்தனாவது தம்பி?"

"நாப்பத்தொண்ணு."

திரையில் ஒரு புகைப்படம் வந்தது. ஏதோ பள்ளி மண்டபம். படிப்புதவி வழங்கும் விழா. மேடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். மேடைக்குக் கீழே ஓரத்தில் ஒரு இளைஞன், ஒலிபெருக்கி வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி நிற்கிறான். மெலிந்த உடம்பு, பொருந்தாத சட்டை.

அது அவன்தான்.

அவனுக்கு நினைவு வந்தது. நண்பன் கூப்பிட்டான் என்று ஒலிபெருக்கி வேலைக்குப் போன நாள். அன்று லோஷினி யாரென்றே அவனுக்குத் தெரியாது. அவளிடம் முதல்முறை பேசியது அதற்கு ஒரு வருடம் கழித்து.

துரை படிக்கத் தொடங்கினார். அண்ட். என். ஜி. இ. செமிகோலன். ஜே. பி...

வாசுகி சட்டென்று நிறுத்தினாள்.

அவன் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"தமிழா, இங்கிலீஷாக்கா?"

"இத விட்டுடுங்க தம்பி. அடுத்தது போலாம்."

"விட முடியாது. எழுபத்தொண்ணும் வேணும்."

"நான் புதுசா ஒண்ணு சொல்றேன். 'பரிசளிப்பு விழா'ன்னு போடுங்க."

அவள் குரல் மாறியிருந்தது. அவன் திரையைப் பார்த்தான். படத்துக்குக் கீழே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஒரு குவியல். கண் இருந்து என்ன? ஒரு சொல் படிக்கத் தெரியவில்லை. அவள் கேட்டதை அவன் பார்க்கிறான், அவ்வளவுதான்.

"முதல்ல 'அண்ட்'னு சொல்லிச்சே," என்றான். "அது என்ன எழுத்து?"

வாசுகி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரூ."

கீழே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் மழைத்தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள். அந்தச் சத்தம் அவன் தோல்மேல் நேராக வந்து விழுந்தது.

"படிங்கக்கா."

"ஒண்ண அழுத்துங்க. தமிழா மாறிடும். நீங்களே படிச்சுக்கலாம். நான் வெளிய போய் நிக்கறேன்."

"வேண்டாம். அவ உங்களுக்குச் சொன்னது. நீங்க கேக்கற மாதிரியே எனக்கும் கேக்கணும்."

வாசுகி தயங்கினாள். பிறகு அவனுடைய கையை எடுத்து, வலப்பக்க அம்பு விசையின்மேல் வைத்தாள். அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"அண்ட்," என்றார் துரை.

"ரூ," என்றாள் அவள்.

"என். ஜி."

"பே."

"இ. செமிகோலன்."

"ந்."

"ஜே. பி."

"தி."

"யூ. டி. செமிகோலன்."

"ரன்."

அவன் உள்ளங்கை விசையின்மேல் வியர்த்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன், அவனுக்குத் தெரியாமலே, யாரோ இருட்டில் அவன் பெயரை ஒவ்வொரு விசையாகத் தட்டி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை நாளும் அவள் சொல்லவே இல்லை.

"இதோட முடிஞ்சுதா?" என்றான்.

வாசுகி தலையை அசைத்தாள்.

"இன்னும் நாலு வரி இருக்கு தம்பி," என்றாள். "கடைசி வரி, அவ எனக்கு மட்டும் சொன்ன ரகசியம், நீங்க கேக்கணும்னு எழுதினதில்ல."

அவன் அம்பு விசையை அழுத்தினான்.